சதுரத் துணியின் கடலோர வழி

பழைய கைக்குட்டையை வேறு பயனுக்கு மாற்ற நினைப்பவர், கத்தரிக்கோலை எடுக்குமுன் முடிச்சுப் போட்டுப் பார்க்க வேண்டும். நான்கு பக்கமும் சமமாக, ஓரமெல்லாம் மடித்துத் தைத்து முடிந்த துணி அது. வெட்டினால் இழை பிரியும். முடிச்சிட்டால் நான்கு மூலையும் நான்கு கயிறாகும். பரமக்குடியில் தொடங்கி ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், பாம்பன் வழியாக ராமேஸ்வரம் வரை போகிற சாலையில், சதுரத் துணிக்கு மக்கள் கண்டுபிடித்த பயன்கள் அடுத்தடுத்துத் தென்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரு முடிச்சில் முடிகின்றன.

வைகையின் ஒரு கரையில் பரமக்குடி, மறுகரையில் எமனேஸ்வரம். இரண்டு ஊரிலும் சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்கள் தலைமுறைகளாகத் தறி நெய்கின்றன. இங்கே நெய்வது பெரும்பாலும் சேலைதான். ஆனாலும் சதுரத் துணியின் இயல்பு தறியடியில்தான் புரியும். தறியிலிருந்து இறங்கும் துணிக்கு இரண்டு பக்கம் இயற்கையாகவே கரை உண்டு. ஊடை இழை அங்கே திரும்பிப் போவதால் அந்த ஓரம் பிரியாது. அறுக்கும் மற்ற இரண்டு பக்கத்தையும் மடித்துத் தைத்தாக வேண்டும். பெட்டியில் கிடக்கும் பழைய கைக்குட்டையை வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தைப் பார்த்தால், எதிரெதிரான இரண்டு பக்கம் தையலின்றிக் கரையாகவே இருந்தால், கைக்குட்டையின் அகலத்துக்கென்றே நெய்த துணி என்று சொல்லிவிடலாம். நான்கு பக்கமும் ஒரே சீரான எந்திரத் தையல் ஓடினால் அகலத் துணியில் வெட்டியது. ஓரத்தை விரலால் சுருட்டிக் கையால் தைத்திருந்தால் அதற்குத் தனி மதிப்பு. அந்தத் தையலைப் பிரிக்கக் கூடாது. எந்த மறுபயனும் அதற்குள் அடங்கியே நடக்க வேண்டும்.

சோழமண்டலக் கரை உலகத்துக்கு அனுப்பிய சரக்குகளில் சதுரத் துணிக்குத் தனி இடம் இருந்தது. சென்னையைச் சுற்றியும் வடக்கே ஆந்திரக் கரையின் சீராலா வட்டாரத்திலும் நெய்த கட்டம் போட்ட துணி, ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் போனது. ஏறத்தாழ ஒரு கெஜச் சதுரம். மூக்குத் துடைக்கும் அளவு அல்ல, தலையிலும் தோளிலும் இடுப்பிலும் கட்டும் அளவு. பழவேற்காட்டுக் கைக்குட்டைகளுக்கு இருந்த கிராக்கியைக் கண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நெசவாளர்கள் 1785 வாக்கில் அதே பெயரில் போலித் துணி நெய்யத் தொடங்கினார்கள். சீராலாப் பக்கத்துத் தேலியா ரூமால் எண்ணெயில் ஊறிய நூலில் நெய்தது. அரபு நாடுகளுக்குத் தலைத்துணியாகப் போன அதையே உள்ளூர் மீனவர்களும் மாடு மேய்ப்பவர்களும் லுங்கியாகவும் முண்டாசாகவும் கட்டினார்கள். பின்னாளில் அதே கட்டங்கள் சேலையிலும் துப்பட்டாவிலும் ஏறின. சதுரத் துணி ஒரே வேலைக்கென்று எப்போதும் பிறந்ததில்லை என்பதற்கு இந்த வரலாறு போதும்.

கைக்குட்டை பழம்பொருளானது அண்மையில்தான். அமெரிக்காவில் 1924இல் முகப்பூச்சைத் துடைக்க வந்த கிளீனெக்ஸ் தாள், 1930 முதல் தூக்கியெறியும் கைக்குட்டையாக விளம்பரமானது. அந்தப் பழக்கம் இந்திய நகரங்களுக்கு வந்து சேர வெகுகாலம் ஆனது. தமிழ்நாட்டு வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் அதுவரை சேர்ந்தவை இன்னும் இருக்கின்றன: பள்ளித் தையல் வகுப்பில் மூலையில் பூப்போட்டுப் பழகியவை, பெயரின் முதலெழுத்தைப் பின்னியவை, கொக்கி ஊசியால் ஓரம் கட்டியவை, கல்யாணத்துக்கு வந்த பரிசுப்பெட்டியில் மூன்றாக அடுக்கியவை. ஆண்களுக்கானது 40 முதல் 45 சென்டிமீட்டர், பெண்களுக்கானது 25 முதல் 30 சென்டிமீட்டர் இருக்கும். இந்த அளவை முதலில் பார்த்துக்கொண்டால், எது எதற்கு ஆகும் என்ற குழப்பம் பாதி தீரும். பரமக்குடிப் பேருந்து நிலையத்தில் கைக்குட்டை இன்றும் பழைய அதிகாரத்தோடு இருக்கிறது. சன்னல் வழியாக இருக்கையில் போட்டுவிட்டால் இடம் போட்டவருக்குச் சொந்தம். கூட்டத்தில் அதை எடுத்துவிட்டு உட்காருகிறவர் குறைவு.

ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்தில் அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை. ஆனால் சுவரோவியங்களில் துணியை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு சுற்று வரலாம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டியவை அவை. மன்னரின் மெல்லிய அங்கி, பூவேலைத் துணிகள், மன்னரைக் காண வந்த ஐரோப்பியரின் உடை எல்லாம் அதில் உள்ளன. இந்தச் சீமையில் துணி வெறும் உடுப்பாக மட்டும் இருக்கவில்லை. பின்வந்த மன்னர் முத்துராமலிங்க சேதுபதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1795இல் பதவியிறக்கிச் சிறைப்படுத்தியதற்குப் பின்னால் இருந்த பூசல்களில் துணி வணிகமும் ஒன்று.

அங்கிருந்து தெற்கே கடலை நோக்கி இறங்கினால் கீழக்கரை. சங்கும் முத்தும் இந்த ஊரின் பழைய செல்வம். மன்னார் வளைகுடாவிலும் இலங்கைப் பக்கத்திலும் நடந்த முத்துக்குளிப்புகளில் கீழக்கரைக் குளியாளிகளுக்குப் பெயர் உண்டு. முத்துச் சந்தையில் விலை பேசுவதற்குச் சதுரத் துணி ஒன்று தேவைப்பட்டது. விற்பவரும் வாங்குபவரும் கைகோத்து, மேலே துணியைப் போர்த்தி, விரலைத் தொட்டும் அழுத்தியும் தொகை சொல்வார்கள். சுற்றி நிற்பவருக்கு முகம் தெரியும், விலை தெரியாது. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவது இதே வழக்கந்தான். பேரம் முடிந்ததும் முத்தைத் துணியில் கிழியாகக் கட்டி மடியில் செருகுவார்கள். நகையையும் காசையும் இப்படி முடிந்து வைப்பது கைக்குட்டைக்கு இன்றும் ஏற்ற பயன். தேய்ந்து மென்மையான பருத்தியில் முத்தும் வெள்ளியும் கீறல்படாமல் இருக்கும். பிளாஸ்டிக் உறையில் போலக் கடற்கரையின் ஈரம் உள்ளே தங்கிவிடாது.

கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களின் சமையற்கட்டில் பழைய பருத்தித் துணிக்கு ஓய்வே கிடையாது. ஊறுகாய் ஜாடிக்கும் உப்புக்கண்டப் பானைக்கும் வேடு கட்டுவதற்கு ஆண்கள் கைக்குட்டையின் அளவு அளந்து வைத்ததுபோல் பொருந்தும்: ஜாடியின் வாய்க்கு மேல் விரித்து, கழுத்தில் நூலைச் சுற்றி இறுக்கினால் தூசியும் ஈயும் போகாது, காற்று போகும். வெயிலில் வைக்கும் ஊறுகாய்க்கு இறுக்கமான மூடியைவிட இதுவே நல்லது, வியர்த்த நீர் உள்ளே சொட்டாது. ஊறிய பாசிப்பயறை ஈரக் கைக்குட்டையில் முடிந்து தொங்கவிட்டால் மறுநாள் முளை எட்டிப்பார்க்கும். வறுத்த கல்லுப்பையோ தவிட்டையோ கிழியாகக் கட்டினால் மூட்டுவலிக்கு ஒத்தடம். குழந்தைக்குச் சளி பிடித்தால் வறுத்த ஓமத்தை முடிந்து, சூடு பொறுக்குமா என்று தாய் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வைப்பாள். இந்த வேலைகளுக்கெல்லாம் சாயம் போடாத வெள்ளைப் பருத்தி மட்டுமே ஆகும். வண்ணக் கைக்குட்டையை உணவின் பக்கம் கொண்டுபோகக் கூடாது; பழைய சாயங்களில் என்ன கலந்திருக்கிறது என்று துணியைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாலியஸ்டர் கலந்த துணி ஒத்தடத்துக்கு ஆபத்து. சூட்டில் இளகித் தோலில் ஒட்டும்.

இந்த மாவட்டம் பனைக்குப் பெயர் போனது. ஓலையில் முடையும் கொட்டானும் பெட்டியும் வழியெங்கும் கிடைக்கும். ஓலைக் கொட்டானின் உட்புறம் சொரசொரப்பாக இருக்கும். மெல்லிய துணியோ நகையோ வைத்தால் இழை மாட்டும். அதற்குள் ஒரு கைக்குட்டையை விரித்து, நான்கு மூலையையும் வாய்க்கு வெளியே மடித்துவிட்டு, விளிம்பில் அங்கங்கே நான்கு தையல் போட்டால் உறை போட்ட பெட்டியாகிவிடும். பின்னிய மூலைகள் வெளியே தெரிய, பூவேலையும் வீணாகாது. அழுக்கானால் நான்கு தையலையும் அறுத்து எடுத்துத் துவைக்கலாம். கைக்குட்டைக்குச் சொல்லப்படும் எத்தனையோ யோசனைகளில் இதை முதலில் வைக்கலாம். இரண்டு கைவேலையும் கெடாமல் ஒன்றுக்கொன்று துணை நிற்கிறது.

முன்பு சொன்ன, இந்தக் கரைக்கு வடக்கே நெய்து கப்பலேறிய கட்டத் துணிக்கு, அது போன இடத்தில் என்ன நடந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நைஜீரியாவின் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் புகுமா முதலிய ஊர்களில் வாழும் கலபாரிப் பெண்கள், இந்தியக் கட்டத் துணியை அப்படியே உடுத்துவதோடு நிற்கவில்லை. கூர்மையான அலகால் தேர்ந்த இடத்தில் இழையைத் தூக்கி அறுத்து, பெரும்பாலும் வெளிர்நிற இழைகளை உருவியெடுத்து, துணிக்குள் இன்னொரு கோலத்தை உண்டாக்கினார்கள். ‘பெலெத்தே பித்தே’ என்று அதற்குப் பெயர். துணி இலேசாகி, சல்லடைக் கண்களோடு, வேறெங்கும் கிடைக்காத ஒன்றாகிவிடும். இடுப்பில் சுற்றும் உடையாகவும், பெரியவர் மறைந்தால் அவரைக் கிடத்தும் அறையை அலங்கரிக்கவும் அதை வைத்திருப்பார்கள். மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளில் மெட்ராஸ் கைக்குட்டை தலைக்கட்டானது. வெளிர்க் கட்டங்களின் மேல் மஞ்சள் வண்ணத்தைத் தூரிகையால் தீட்டி மெருகேற்றினார்கள். கட்டில் எத்தனை முனை நிமிர்ந்திருக்கிறது என்பதை வைத்து, அணிந்தவரின் மனம் யாருக்கேனும் உரியதா இல்லையா என்று சொல்லும் வழக்கமும் அங்கே உண்டு. தமிழ்க் கரையிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் 1853 முதல் மார்ட்டினிக்கில் இறங்கியபோது, அவர்கள் கரையில் நெய்த துணி அவர்களுக்கு முன்பே அங்கு போய்ச் சேர்ந்திருந்தது.

கலபாரிப் பெண்களின் முறையிலிருந்து கறைபட்ட கைக்குட்டைக்கு ஒரு வழி கிடைக்கிறது. ஓரத்தை ஒட்டித் துருக்கறை இருந்தால், கறையின் அகலத்துக்கு இழைகளை ஒரே திசையில் ஊசியால் உருவிவிட்டு, எஞ்சிய இழைகளை மூன்று மூன்றாகச் சேர்த்துக் கட்டித் தைத்தால், கறை இருந்த இடம் ஏணிப்படி போன்ற வேலைப்பாடாகிவிடும். பழைய நல்ல கைக்குட்டைகள் பலவற்றில் ஓரத்துக்கு உள்ளே ஓடும் கண்ணித் தையலும் இப்படி இழை உருவித்தான் உண்டானது.

ஏர்வாடி தர்காவுக்கும் ராமேஸ்வரம் கோயிலுக்கும் போகிற குடும்பங்களில் நேர்ந்துகொள்ளும் பழக்கம் வலுவானது. கோயிலுக்கு நேர்ந்தவர்கள் கைக்குட்டை அளவு வெள்ளைத் துணியை மஞ்சள் நீரில் நனைத்துக் காயவைத்து, அதில் காசை முடிந்து சாமி படத்தடியில் வைப்பார்கள். பயணம் கைகூடும் நாள்வரை அந்த முடிச்சு அவிழாது. கோயில் மரங்களில் குழந்தை வரம் வேண்டிக் கட்டும் குட்டித் தொட்டிலும் இதே அளவுத் துணிதான். வீட்டில் பயன்படுத்தித் தேய்ந்த கைக்குட்டையை இதற்கு எடுப்பது வழக்கமில்லை. புதுத் துணி கேட்கும் இடம் இது. எல்லாப் பழசையும் எல்லா இடத்திலும் நுழைக்கக் கூடாது என்பதை நேர்த்திக்கடன் வைக்கும் வீட்டார் நன்கு அறிவார்கள்.

மண்டபத்தைத் தாண்டினால் பாம்பன். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலம். பேருந்து சாலைப் பாலத்தின் மேலே போகும்போது பயணிகள் எல்லாரும் ரயில் பாலத்தையே பார்ப்பார்கள். கீழே தெற்குப் பக்கம் சின்னப்பாலம் போன்ற குப்பங்களில் பெண்கள் கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள். கட்டக்கோரை, மரிக்கொழுந்து என்னும் பாசிகளை முக்குளித்துப் பாறையிலிருந்து பிய்த்து எடுக்க வேண்டும். பாறையும் சிப்பியும் விரலை அறுக்கும். அதற்கு அவர்கள் கண்ட காப்பு, விரல்விரலாகச் சுற்றிய பழந்துணிக் கீற்று. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் துணியோ ரப்பர் உறையோ, இடுப்பில் பாசி போடும் பை. பருத்தி நனைந்தால் வலுக்கூடும். பட்டும் ரேயானும் நனைந்தால் வலுவிழக்கும். நீரில் நிற்கும் வேலைக்குப் பருத்திக் கீற்று தாங்குவதன் காரணம் அதுதான். கைக்குட்டையின் மறுபயன் என்றால் பூச்செண்டும் தலையணை உறையும் மட்டும் நினைவுக்கு வருவோர் இந்தப் பெண்களின் விரல்களைப் பார்க்க வேண்டும். துணி இங்கே உடம்பைக் காக்கிறது. துணியைவிட நல்ல காப்பு கிடைப்பது அவர்களது உரிமை.

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் முழுகி, பின் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடுவது யாத்திரையின் முறை. கடலில் முழுகியவர்களில் பலர் உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். பாவமும் அதோடு போகும் என்பது நம்பிக்கை. துணியெல்லாம் பருத்தியாக இருந்த காலத்தில் அது மட்கிவிட்டிருக்கும். இன்று விடுபவற்றில் பாதிக்கு மேல் செயற்கை இழை கலந்தவையாக இருந்தால்கூட வியப்பில்லை; அவை மட்குவதில்லை. அலையில் புரண்டு, மணலில் புதைந்து, பாக் விரிகுடாவின் கடற்புல்லின் மேல் படிந்து வெளிச்சத்தை மறைக்கும். கடற்பசு மேய்வது அந்தப் புல்லைத்தான். துப்புரவுப் பணியாளர்கள் குனிந்து குனிந்து அள்ளிக் கரையில் குவிக்கும் ஈரத் துணியைப் பார்க்கிற எவருக்கும், இதைக் கரையிலேயே வாங்கி வைத்து உலர்த்திப் பயன்படுத்தக் கூடாதா என்று தோன்றும். பருத்தியைப் பிரித்துக் கீற்றாக்கினால் எந்திரப் பட்டறைகளுக்குத் துடைக்கும் துணியாகும். மிதியடி பின்னலாம், பை தைக்கலாம். விட்டுவிட வேண்டும் என்ற நேர்ச்சையும் இதனால் கெடாது.

கோயில் தெருக்களில் சங்கும் சிப்பியும் கோத்த பொருள்கள் விற்கும் கடைகள் வரிசையாக உள்ளன. துளையிட்ட சிறு சிப்பிகளை அங்கு வாங்கிக் கைக்குட்டையின் நான்கு மூலையிலும், பக்க நடுவில் ஒவ்வொன்றுமாகத் தைத்தால், பால் செம்புக்கும் தண்ணீர்க் கூசாவுக்கும் மூடுதுணி கிடைக்கும். சிப்பியின் எடையில் கடற்காற்றிலும் அது பறக்காது. பெண்கள் கைக்குட்டையின் 30 சென்டிமீட்டர் அளவே இதற்குச் சரி. 21 தீவுகள் அடங்கிய மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவுக்குள் சிப்பி பொறுக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சில சங்கு இனங்களும் இருக்கின்றன. சாதாரணச் சிறு சிப்பி போதும்.

பல கைக்குட்டைகளை இணைப்பது வேறு வகை வேலை. ஒரே அளவில் ஆண்கள் கைக்குட்டை நான்கை ஓரத்தோடு ஓரம் தைத்தால் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் சதுரம் வரும். சிறு மேசைக்கும், பக்கமாகத் தொங்கவிட்டால் அரைச் சன்னல் திரைக்கும் போதும். வலுக்குறைந்தவற்றைத் தனியே நம்பக் கூடாது; பழைய வேட்டியை அடியில் கொடுத்து இரண்டையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட வேண்டும். வங்கத்துக் காந்தா இந்த அறிவில்தான் வளர்ந்தது: தேய்ந்த சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே உருவிய வண்ண நூலால் தைத்தார்கள், அதில் சதுரமான ரூமால் காந்தா என்றொரு வகையே உண்டு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் கவந்தி என்னும் மெத்தை விரிப்பை ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போவார்கள். நான்கு மூலையிலும் பூப்போல மடித்த துணி வைக்காமல் அது முடிந்ததாக ஆகாது. வெட்டாமல் செய்ய விரும்புவோர்க்கு ஜப்பானியரின் ஃபுரோஷிக்கி முறை இருக்கிறது: எதிரெதிர் மூலைகளை இரண்டிரண்டாக முடிந்தால் கைப்பிடியோடு பை. ராமநாதபுரத்துக் குண்டு மிளகாயும் கருவாடும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும்போது, அதே முடிச்சைப் பெரிய சதுரத்தில் போட்டுக்கொள்ளலாம்.

எதைச் செய்யுமுன்னும் துணியைச் சோதிக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இழை மெலிந்த இடங்களைக் குறித்துக்கொள்வது முதல் வேலை. ஈரமான வெள்ளைத் துணியை வண்ணப்பூவின் மேல் அழுத்திப் பார்த்தால் சாயம் போகுமா என்று தெரியும். மஞ்சள் பாய்ந்த வெள்ளைப் பருத்தியை மென்மையான சோப்பு நீரில் ஓரிரவு ஊறவிட்டு, பிழியாமல் அலசி, இளவெயிலில் விரித்துக் காயவைக்கலாம். வெளுப்புத்தூளால் மெலிந்த இழை இற்றுவிடும். அதைத் தவிர்க்க வேண்டும். கஞ்சி போட்டு அடுக்கிவைக்கக் கூடாது, பூச்சிக்கு அது விருந்து. கடலோர வீடுகளில் காற்றிலுள்ள உப்பு ஈரத்தை இழுப்பதால் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். இரும்பு ஊசியும் ஆணியும் பட்டால் துருக்கறை விழும். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் வைத்தால் மடிப்போரத்தில் துணி கிழியும். இடையிடையே மாற்றி மடிக்க வேண்டும், அல்லது சுருட்டி வைக்க வேண்டும். வசம்பும் வெட்டிவேரும் பெட்டிக்குப் போதும். சிறு கைக்குட்டை ஒன்றில் வெட்டிவேரை முடிந்து போட்டால், மற்றவற்றுக்குக் காவலாக ஒன்று அமையும்.

தையலும் தாங்காத துண்டுகளில் சுத்தப் பருத்தியைப் பிரித்துத் திரியாக முறுக்கலாம், காகிதமும் ஆக்கலாம். புதுச்சேரியில் 1959இல் தொடங்கிய ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகித ஆலை பருத்திக் கந்தலைக் கூழாக்கியே காகிதம் செய்கிறது. இரண்டுக்கும் செயற்கை இழை ஒத்துவராது. ஐயம் இருந்தால் ஓரத்தில் ஓர் இழையை உருவித் தீயில் காட்டினால் போதும்: பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், செயற்கை இழை உருகிக் கறுத்து மணியாகும்.